கருஞ்சிட்டும் குண்டுகரிச்சானும் - முன்னூறு வருடத்து முகவரிக் குழப்பம்

சிவகாசியில் இருந்து சாத்தூர் போகும் வழியில் காலை நேரத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறவர்கள் ஒரு பறவையைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். பார்த்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள்! உடைமுள் வேலியின் மேலோ, ஒரு கல் குவியலின் மேலோ, பாதி இடிந்த சுவரின் மேலோ ஒரு சின்னக் கறுப்புக் குருவி நிற்கும். வாலை நேராக வானத்தைப் பார்த்துத் தூக்கி வைத்திருக்கும். இரண்டு தத்து தத்தும், ஒரு எறும்பைக் கொத்தும், மறுபடியும் வாலைத் தூக்கும். அதுதான் கருஞ்சிட்டு.

அங்கிருந்து மேற்கே திரும்பி ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் போனால் காட்சி மாறிவிடும். சிவகாசிக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே 20 கிலோமீட்டர் அளவுதான் தூரம். ஆனால் மலையடிவாரத்தில் மாந்தோப்பும் தென்னந்தோப்பும் கிணற்றடி நிழலும் உண்டு. அங்கே கோடைக் காலத்து விடியலில் ஒரு கறுப்பு வெள்ளைப் பறவை மர உச்சியில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும். அது குண்டுகரிச்சான். அதுவும் வாலைத் தூக்கும்.

ஒன்று காய்ந்த முள்காட்டில் வாழ்வது. மற்றது நிழலும் ஈரமும் உள்ள தோப்பில் வாழ்வது. இரண்டும் மிக நெருங்கிய சொந்தம் என்பது விஞ்ஞானிகளுக்கே உறுதியாகத் தெரிந்தது 2010ஆம் ஆண்டு வாக்கில்தான். அதற்கு முன்னால் கிட்டத்தட்ட முன்னூறு வருடங்கள் இவை தப்பான பெயரோடும் தப்பான முகவரியோடும் புத்தகங்களில் இருந்தன. வேடிக்கை என்னவென்றால், இரண்டு பறவைகளின் கதையும் ஆரம்பித்தது நம்முடைய கடற்கரையில்தான்!

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

கதைக்குப் போகும் முன்னால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

குண்டுகரிச்சான் சுமார் 19 செ.மீ. நீளம். ஆணுக்குத் தலை, மார்பு, முதுகு எல்லாம் பளபளக்கும் கறுப்பு. வயிறு வெள்ளை. இறக்கையில் நீளமான வெள்ளைப் பட்டை, வாலின் ஓரங்களிலும் வெள்ளை. பெண்ணுக்குக் கறுப்பு இருக்கும் இடத்தில் எல்லாம் சாம்பல் நிறம்.

கருஞ்சிட்டு அதைவிடச் சிறியது, சுமார் 16 செ.மீ. நம் பக்கத்து ஆண் பறவை முழுக்கக் கறுப்பு. தோளில் மட்டும் ஒரு வெள்ளைத் தீற்றல், வாலுக்கு அடியில் செங்கல் நிறம். வட இந்தியாவில் இதே பறவையின் ஆணுக்கு முதுகு பழுப்பு நிறமாக இருக்கும். பெண் மண் நிறத்தில், சட்டென்று கண்ணுக்குப் படாதபடி இருக்கும்.

குரலில்தான் பெரிய வித்தியாசம். குண்டுகரிச்சான் பாட்டுக்காரப் பறவை. மார்ச் முதல் ஜூலை வரை ஆண் பறவை உயரமான இடத்தில் உட்கார்ந்து நீண்ட நேரம் பாடும். பிற பறவைகளின் குரலையும் நடுவில் சேர்த்துக்கொள்ளும். கருஞ்சிட்டின் பாட்டு சின்னது, சீட்டியைத் துண்டு துண்டாக அடிப்பது போல இருக்கும்.

ஒற்றுமைகளும் நிறைய. இரண்டும் பெரும்பாலும் பூச்சிகளைத் தின்பவை. இரண்டும் தரையில் இறங்கித் தத்தித் தத்தி இரை தேடும். இரண்டும் பொந்துகளில் கூடு கட்டும். குண்டுகரிச்சானுக்கு மரப்பொந்தும் சுவர் ஓட்டையும் பிடிக்கும். கருஞ்சிட்டுக்குக் கல் இடுக்கும் சுவர் ஓட்டையும் போதும். முடி, நார், சில நேரம் பாம்புச் சட்டை வரை கொண்டுவந்து கூட்டில் வைக்கும். இரண்டிலும் ஆண் பறவை தன் எல்லைக்குள் வேறு ஆணை விடாது. கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தையே எதிரி என்று நினைத்துக் கருஞ்சிட்டு முட்டி மோதுவதும் உண்டு.

சென்னையில் இருந்து லண்டன் போன கரிச்சான்

18ஆம் நூற்றாண்டின் தொடக்கம். சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக எட்வர்டு பல்க்லி என்பவர் இருந்தார். செடி கொடிகள், பூச்சிகள், பறவைகள் என்று கிடைத்ததை எல்லாம் சேகரித்து லண்டனில் இருந்த ஜேம்ஸ் பெட்டிவர் என்ற மருந்துக் கடைக்காரருக்கு அனுப்பி வைத்தார். பெட்டிவருக்கு உலகம் முழுக்க இருந்து இப்படிப் பொருள்களைச் சேர்ப்பதுதான் வாழ்க்கை.

அப்படிப் போன பறவைகளில் ஓர் ஆண் குண்டுகரிச்சானும் இருந்தது. ஜான் ரே என்ற ஆங்கில இயற்கையியலாளரின் பறவை நூல் அவர் இறந்த பிறகு 1713இல் வெளியானபோது, பெட்டிவர் எழுதிய சென்னைப் பறவைகளின் பட்டியலும் அதில் அச்சானது. இந்தியப் பறவைகளைப் பற்றி ஐரோப்பாவில் அச்சான மிகப் பழைய பட்டியல்களில் அது ஒன்று. பறவையோடு கூடவே அதன் இந்திப் பெயரும் போயிருந்தது. "சௌலாரி". நூறு பாட்டுக்காரன் என்று பொருள் சொல்கிறார்கள்.

இங்கேதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. இந்தப் பறவைக்கு வட இந்தியாவில் "தயால்" என்றும் ஒரு பெயர் உண்டு. 1737இல் எலியாசர் ஆல்பின் என்ற ஆங்கில ஓவியர் அதை "டயல் பறவை" என்று எழுதினார். பின்னால் வந்த லெவெய்யான் என்ற பிரெஞ்சுக்காரர், டயல் என்றால் சூரியக் கடிகாரம் என்று எடுத்துக்கொண்டு பிரெஞ்சு மொழியிலும் கடிகாரப் பெயரையே வைத்துவிட்டார்! 1758இல் சுவீடன் நாட்டு லின்னேயஸ் தன் பெரிய பட்டியலில் இதற்கு "சாலாரிஸ்" என்று பெயர் கொடுத்தார். அதுவும் "சோலாரிஸ்", அதாவது சூரியன், என்று எழுதப்போய்க் கைதவறியது என்று பலர் நம்பினார்கள். 19ஆம் நூற்றாண்டில் கல்கத்தாவில் இருந்த எட்வர்ட் பிளைத் என்பவர்தான் அது பழைய "சௌலாரி"யின் லத்தீன் வடிவம் என்று சரி செய்தார்.

இன்னொன்றும் உண்டு. லின்னேயஸ் இதை மைனாக்களோடு சேர்த்து வைத்தார். ஆக, நம் கரிச்சான் புத்தகத்துக்குள் நுழைந்ததே வேறு வீட்டுப் பிள்ளையாகத்தான்.

புதுச்சேரிச் சிட்டுக்கு பிலிப்பைன்ஸ் முகவரி

கருஞ்சிட்டின் கதை இன்னும் வேடிக்கை. 1760இல் பிரெஞ்சு விலங்கியலாளர் பிரிஸ்ஸோன் பறவைகளைப் பற்றிப் பல தொகுதிகள் கொண்ட நூலை வெளியிட்டார். அதில் கருஞ்சிட்டின் வர்ணனையும் இருந்தது. ஆனால் அந்தப் பறவை பிலிப்பைன்ஸ் தீவுகளில் இருந்து வந்தது என்று தவறாக நினைத்துப் பெயரிலேயே பிலிப்பைன்ஸைச் சேர்த்துவிட்டார். 1766இல் லின்னேயஸ் தன் பட்டியலின் 12ஆவது பதிப்பை வெளியிட்டபோது இதை வாலாட்டிக் குருவிகளின் இனத்தில் சேர்த்து "ஃபுலிகேட்டா" என்று பெயர் வைத்தார். பிலிப்பைன்ஸ் முகவரி அப்படியே தொடர்ந்தது.

பிலிப்பைன்ஸில் கருஞ்சிட்டே கிடையாது! இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், வங்காளதேசம், இலங்கை என்று இந்தத் துணைக்கண்டத்தை விட்டு வெளியே வாழாத பறவை இது. பிற்காலத்தில் ஆராய்ச்சியாளர்கள் தவறைத் திருத்தி, முதல் மாதிரி கிடைத்த இடம் புதுச்சேரி என்று மாற்றி எழுதினார்கள்.

ஆக, ஒன்று ஆங்கிலேயரின் சென்னையில் இருந்தும் மற்றது பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரியில் இருந்தும் கப்பல் ஏறியது. ஒன்று மைனா ஆனது, மற்றது வாலாட்டி ஆனது. ஒரே மண்ணில் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வாழும் பறவைகளை ஐரோப்பாவின் மேசைகள் இரண்டு தனித்தனிக் குடும்பங்களில் போட்டுவிட்டன. செத்த பறவையின் தோலை மட்டும் பார்த்தவர்களுக்கு அது வாலைத் தூக்குவதும் பொந்து தேடுவதும் எப்படித் தெரியும்?

பூங்குருவி வீட்டில் குடியிருந்த காலம்

19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலேயே தங்கி, உயிருள்ள பறவையைப் பார்த்து எழுதும் ஆட்கள் வந்தார்கள். அவர்களில் முக்கியமானவர் சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த தாமஸ் ஜெர்டன். அவருடைய "இந்தியப் பறவைகள்" நூல் 1862 முதல் 1864 வரை வெளியானது. பறவையின் பழக்கத்தை மட்டும் அல்லாமல், ஊர்க்காரர்கள் அதை என்ன பெயரில் கூப்பிடுகிறார்கள் என்றும் அவர் எழுதி வைத்தார்.

அந்தப் பழைய பெயர்களில் ஒரு பெரிய செய்தி ஒளிந்திருக்கிறது. தெலுங்கில் கருஞ்சிட்டுக்கு "நலஞ்சி" என்று பெயர். குண்டுகரிச்சானுக்கு "பெத்த நலஞ்சி", அதாவது பெரிய நலஞ்சி! அவ்வளவுதான் விஷயம். லண்டனிலும் பாரிசிலும் பிரித்து வைத்த இரண்டையும் வேட்டைக்காரரும் விவசாயியும் ஒரே பெயரில், சின்னது பெரியது என்று மட்டும் பிரித்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் நம் கரிசல் பூமிக்கு இது ஒன்றும் அந்நியமான பெயர் இல்லை.

விஞ்ஞானிகள் அந்த முடிவுக்கு வர இன்னும் நூற்றைம்பது வருடங்கள் ஆனது. 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இரண்டும் பூங்குருவிகளோடு, அதாவது ஆங்கிலத்தில் "த்ரஷ்" என்று சொல்லும் கூட்டத்தோடு, வைக்கப்பட்டிருந்தன. நம் மேற்குத்தொடர்ச்சி மலையில் மனிதன் சீட்டி அடிப்பது போலப் பாடும் சீகாரப் பூங்குருவியும் அதே கூட்டத்தில்தான் இருந்தது. தரையில் தத்துவது, நிமிர்ந்து நிற்பது, நன்றாகப் பாடுவது எல்லாம் பூங்குருவியின் சாயல் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்துக்குள்ளும் இரண்டுக்கும் தனித்தனி இனப் பெயர். குண்டுகரிச்சான் "காப்சிகஸ்" இனம். கருஞ்சிட்டு "சாக்ஸிகோலாய்டஸ்" இனம். அந்த இனத்தில் அது ஒன்றே ஒன்றுதான். சொந்தபந்தம் இல்லாத தனிக்கட்டை!

1980களில் பறவைகளின் டி.என்.ஏ.வை ஒப்பிடும் ஆய்வுகள் வரத் தொடங்கின. அப்போது முதல் அதிர்ச்சி வந்தது. இவை பூங்குருவிகளே இல்லை, ஈப்பிடிப்பான்களின் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. 2010இல் வெளியான மரபணு ஆய்வுகள் இரண்டாவது அதிர்ச்சியைக் கொடுத்தன. தனிக்கட்டை என்று நினைத்த கருஞ்சிட்டு, குண்டுகரிச்சான்கள் இருக்கும் கிளைக்கு உள்ளேயே உட்கார்ந்திருந்தது. அதன் தனி இனப் பெயரை எடுத்துவிட்டு அதையும் "காப்சிகஸ்" ஆக்கினார்கள். சின்ன நலஞ்சியும் பெரிய நலஞ்சியும் கடைசியில் ஒரே வீட்டுக்கு வந்து சேர்ந்தன.

இந்த வீட்டில் வேறு சொந்தக்காரர்களும் உண்டு. மேற்குத்தொடர்ச்சி மலையின் காடுகளில் பாடும் நீண்ட வால் சோலைப்பாடி அதில் ஒன்று. இந்தியப் பெருங்கடலின் சீஷெல்ஸ் தீவுகளில் வாழும் ஒரு கரிச்சான் இன்னொன்று. மனிதர்களோடு தீவுக்கு வந்த பூனைகளாலும் எலிகளாலும் அந்தப் பறவை அழிந்துகொண்டே போய், 1960களில் ஒரே ஒரு தீவில் இருபதுக்கும் குறைவாக மிஞ்சியது. பல வருட உழைப்புக்குப் பிறகு இப்போது சில நூறாகப் பெருகியிருக்கிறது. குண்டுகரிச்சானுக்குமே எல்லா ஊரிலும் நல்ல காலம் இல்லை. வங்காளதேசத்தில் அது தேசியப் பறவை. ஆனால் சிங்கப்பூரில் ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு இருந்த பறவை, கூண்டில் வளர்ப்பதற்காகப் பிடித்துப் பிடித்தே 1970களில் அநேகமாக இல்லாமல் போய்விட்டது. பிறகு வெளியில் இருந்து கொண்டுவந்து விட வேண்டியதாயிற்று. "சாதாரணப் பறவை" என்ற பட்டம் நிரந்தரம் இல்லை என்பதற்கு இந்தக் குடும்பமே சாட்சி.

காய்ச்சல் நிலம் கொடுத்த வாழ்வு

இனி நம் ஊருக்குத் திரும்பலாம். விருதுநகர் மாவட்டத்தில் வருடத்துக்குச் சுமார் 800 மி.மீ. மழைதான். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிப் பெய்து ஓய்ந்துவிடும். மீதி மாதங்களில் வெயில். வைப்பாறும் அர்ச்சுனா நதியும் பெரும்பாலான நாட்களில் மணல்தான். பருத்தியும் கம்பும் சோளமும் வானத்தைப் பார்த்து விளைந்த பூமி இது.

அந்தக் காய்ச்சலையே முதலாக்கியது சிவகாசி. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். 1923இல் இங்கே தீப்பெட்டித் தொழில் பிறந்தது. குச்சியும் மருந்தும் காய வெயில் வேண்டும். அது இங்கே இலவசம்! 1940களில் பட்டாசு ஆலைகள் வந்தன. லேபிள் அச்சடிக்கத் தொடங்கிய தொழில் பெரிய அச்சகங்களாக வளர்ந்தது. நேரு இந்த ஊரைக் "குட்டி ஜப்பான்" என்று பாராட்டினார் என்பார்கள். எதுவும் விளையாது என்று கைவிட்ட மண்தான் இவ்வளவையும் கொடுத்தது.

அதே மண்தான் கருஞ்சிட்டின் வீடு. நிழல் தேடும் குண்டுகரிச்சான் தோப்பையும் தோட்டத்தையும் கிணற்றடியையும் நம்பி வாழ்கிறது. கருஞ்சிட்டுக்கு வேண்டியது திறந்த தரை, அங்கங்கே முள்செடி, ஏறி நிற்க ஒரு கல். மழை குறைவு என்று மனிதர் வருத்தப்படும் இடத்தில்தான் அது சௌகரியமாக இருக்கிறது. பட்டாசு ஆலைகளில் ஒரு கொட்டகையில் தீப்பிடித்தால் அடுத்ததற்குப் பரவக்கூடாது என்பதற்காக இடைவெளி விட வேண்டும் என்பது சட்டம். 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போன விபத்தை இந்தப் பக்கம் யாரும் மறக்க முடியாது. மனித உயிருக்காக விட்ட அந்தக் காலி இடமும், ஆலைக்கு வெளியே கிடக்கும் பொட்டலும், கருஞ்சிட்டு போன்ற பறவைக்குப் பொருத்தமான இடம்தான்.

தரிசு என்ற பெயர்

பறவைக்குத் தப்பான பெயர் வைத்ததை விஞ்ஞானிகள் திருத்திக்கொண்டார்கள். ஆனால் அது வாழும் நிலத்துக்கு வைத்த தப்பான பெயர் இன்னும் திருத்தப்படவில்லை.

ஆங்கிலேயர் காலத்து வருவாய்க் கணக்கில், வரி தராத நிலம் எல்லாம் தரிசு அல்லது புறம்போக்கு. சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. 1985இல் மத்திய அரசு தரிசு நில மேம்பாட்டுக்கு என்றே தேசிய வாரியம் அமைத்தது. 2000ஆம் ஆண்டில் தரிசு நிலங்களுக்கு ஒரு வரைபடத் தொகுப்பே வெளியானது. முள்ளும் புல்லும் கல்லும் உள்ள நிலம் அதில் "பயனற்ற" நிலமாகிவிடுகிறது. பயனற்றது என்று எழுதிவிட்டால் அப்புறம் என்ன? குப்பை கொட்டலாம், பிளாட் போடலாம், மரம் நட்டு மூடிவிடலாம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவுக்கு வந்து, பிறகு விறகுக்காகப் பரப்பப்பட்ட சீமைக்கருவேலம் இந்த மாதிரி நிலங்களில்தான் அடர்ந்து நிற்கிறது. தரையே தெரியாத அளவுக்கு அது மூடிய இடத்தில், தரையில் தத்தி இரை தேடும் பறவைக்கு என்ன வேலை?

மலைக்குப் பாதுகாப்பு இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் 1988இல் சாம்பல் நிற அணில்களுக்குச் சரணாலயம் அமைந்தது. 2021இல் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமும் ஆனது. கண்மாய்க்கும் மதிப்பு இருக்கிறது. பக்கத்து சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் கண்மாய்க்கு வரும் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை. மலைக்கும் கண்மாய்க்கும் நடுவில் கிடக்கும் காய்ந்த பொட்டலுக்காகப் பேச யாரும் இல்லை.

கருஞ்சிட்டு இன்று அழியும் பறவை இல்லை. உலகப் பட்டியலில் இரண்டு பறவைகளுமே கவலை இல்லாத வகையில்தான் உள்ளன. ஆனால் 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, புல்வெளி போன்ற திறந்த நிலங்களை நம்பிய பறவைகள் வேகமாகக் குறைவதைச் சொல்கிறது. காட்டை வெட்டினால் நாலு பேர் கேட்பார்கள். பொட்டலை மூடினால் "முன்னேற்றம்" என்பார்கள்.

லண்டனில் உட்கார்ந்து தோலை மட்டும் பார்த்தவர்கள் சொந்தக்காரர்களைப் பிரித்து வைத்தார்கள். இங்கே வயலில் நின்று பார்த்தவர்கள் நலஞ்சி, பெத்த நலஞ்சி என்று அன்றைக்கே சரியாகச் சொன்னார்கள். நிலத்துக்கும் அதேதான். அலுவலகக் காகிதத்தில் தரிசு என்று இருப்பது, நின்று பார்த்தால் ஒரு ஊருக்குச் சோறு போட்ட வெயில், ஒரு குருவிக்கு வீடு.

அடுத்த முறை சாத்தூர் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகக் கொஞ்சம் வேலியைப் பாருங்கள். வாலைத் தூக்கிக்கொண்டு ஒரு கறுப்புக் குருவி நின்றால், அது காலி இடத்தில் நிற்கவில்லை, தன் வீட்டு வாசலில் நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.